குட்டைக்கால் நாற்காலி

என் வீட்டுக்காரர் வக்கீலாகி நாற்பது வருடம் ஆகிறதாம். வக்கீல் சங்கம் விழா எடுக்கிறது, மலர் போடுகிறது. மலருக்கு வீட்டம்மாவின் கட்டுரை என்று இரண்டு பக்கம் வேண்டும் எனக் கேட்டு, சங்கத் தலைவரே போன வாரம் வீடு தேடி வந்தார். கையோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் கொண்டுவந்தார். வக்கீல் வீட்டில் தாளுக்குப் பஞ்சம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

“சாரைப் பத்தி உங்களைவிட யாருக்கும்மா தெரியும்? பெருமையா நாலு வார்த்தை எழுதுங்க, போதும்” என்றார்.

தெரியும்தான். நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவைத் திறந்ததும் வயிற்றெரிச்சல் எல்லாம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கொட்டியதை இனி அள்ள முடியாது, எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் வாயைத் திறந்து முழுசாக இரண்டு வார்த்தை பேசுவதற்குள், “கேட்டதுக்கு மட்டும் பதில்” என்று வெட்டிவிடுவார். ஆமாம், இல்லை. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது ஒரு சொல்லை எந்தச் சாட்சியும் அவரிடம் சொல்லித் தப்பியதில்லை. பாதி வாக்கியத்தோடு வீட்டுக்குப் போன மனிதர்கள் இந்த ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

இந்த வித்தையை எங்கே பழகினார் என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. என்னை வைத்துத்தான் பழகினார்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் அது. வீட்டில் ஒரு சாப்பாட்டு மேஜையும் நாலு நாற்காலியும் இருந்தன. அதில் ஒரு நாற்காலிக்கு முன்னங்கால் ஒன்று குட்டை. உட்கார்ந்தால் லொடக்கென்று ஒரு பக்கம் சாயும். தச்சரைக் கூப்பிடலாம் என்று சொன்னேன். “அதைத் தொடாதே. அது எனக்கு வேணும்” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“நீ இப்ப என் பொண்டாட்டி இல்ல. சைக்கிள் கடைக்காரன். உன் கடைல சைக்கிள் காணாம போச்சு, என் கட்சிக்காரன்தான் எடுத்தான்னு சொல்ற. சரியா?”

“நான் எதுக்குங்க சைக்கிள் கடைக்காரன் ஆகணும்?” என்று சிரித்தேன்.

“சிரிக்காதே. கேட்டதுக்கு மட்டும் பதில்.”

ஒரு டம்ளர் தண்ணீரை எனக்குக் கை எட்டாத தூரத்தில் வைத்தார். தண்ணீர் கேட்கிற சாட்சி பாதி விழுந்த சாட்சி என்பது அவருடைய கணக்கு. நாற்காலி ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் சாய, கேள்வி மேல் கேள்வியாக விழுந்தது. அரைமணி நேரத்தில் என் கடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இல்லாத கடை, இல்லாத கதவு. ஆனாலும் முகம் சிவந்து, “எனக்குத் தெரியாது, என்னை விட்டுடுங்க” என்று கத்தினேன். அவர் சந்தோஷமாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தக் கேள்வியின் கீழே கோடு போட்டார். நான் எங்கே இடறுகிறேனோ அங்கே சிவப்புக் கோடு. மறுநாள் கோர்ட்டில் நிஜமான கடைக்காரரும் அதே இடத்தில்தான் இடறினார்.

அன்றிலிருந்து முப்பத்திரண்டு வருடம், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படித்தான். ஆரம்பத்தில் அவர் சில்லறைத் திருட்டு, அடிதடி வழக்குகளில் திருடனுக்காக நின்றார். அப்போது நான் பறிகொடுத்தவள். பிறகு அரசாங்கத் தரப்புக்குப் போய்ப் பதினோரு வருடம் திருடனை உள்ளே தள்ளினார். அப்போது நான் திருடனுக்காகப் பொய் சொல்ல வந்த மச்சான். லாரிக் கிளீனராக இருந்திருக்கிறேன். கள்ளக் கையெழுத்துப் போட்ட கணக்குப்பிள்ளையாக இருந்திருக்கிறேன். கொலை செய்தவனைப் பெற்ற தாயாக மட்டும் ஏழு தடவை. ஒருமுறை, அப்பாவை யார் குத்தினார்கள் என்று பார்த்த ஒன்பது வயதுப் பிள்ளையாக உட்கார்ந்து அழுதேன். அவர் தரப்பு மாறிக்கொண்டே இருந்தது. நாற்காலி மாறவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

என்னைப் பாவம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அது பிடித்திருந்தது. கோர்ட்டே நடுங்குகிற மனிதர், கடைசியில் என்னிடம் வந்து, “எங்க இடறினே, ஏன் இடறினே, சொல்லு” என்று கேட்பார். அதில் எனக்குத் தலைகால் புரியாது. போகப் போக, நானே கேள்வி எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

அப்படித் தேறிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளர் மீது, அங்கே வேலை பார்த்த பத்தொன்பது வயதுப் பெண் புகார் கொடுத்திருந்தாள். என்ன புகார் என்று விளக்க வேண்டியதில்லை. இவர் மேற்பார்வையாளருக்கு வக்கீல். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பெண்ணானேன்.

“ஏன் கத்தல?” என்று கேட்டார்.

“பயம்” என்றேன்.

“இது வேலைக்கு ஆகாது. பயம்னா எந்த நீதிபதியும் நம்பிடுவாரு” என்று பென்சிலைக் கடித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “அன்னிக்கு சாயங்காலம் வேலை முடிஞ்சு போகும்போது தோழிங்ககிட்ட சிரிச்சுப் பேசினியான்னு கேளுங்க. கண்டிப்பா சிரிச்சிருப்பா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னா பொண்ணுங்க அதைத்தான் பண்ணுவோம்” என்றேன்.

“அடிப்பாவி!” என்றார். அவர் என்னைப் புகழ்ந்ததிலேயே பெரிய புகழ்ச்சி அதுதான்.

கோர்ட்டில் அந்தப் பெண்ணிடம் கேட்டார். “ஆமா, ஆனா...” என்று ஆரம்பித்தாள். “கேட்டதுக்கு மட்டும் பதில்” என்று வெட்டினார். மேற்பார்வையாளர் விடுதலையானார். சாயங்காலம் இவர் எனக்கு இனிப்பு வாங்கி வந்தார். வயிற்றில் பிள்ளை இருந்ததால் பசி அதிகம், டப்பா முழுவதையும் நானே தின்று முடித்தேன். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

அரசாங்க வேலை முடிந்ததும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வக்கீலானார். விபத்தில் செத்தவர்களின் வீட்டார் வந்து கூண்டில் நிற்பார்கள். ஒரு டிரைவரின் மனைவி வந்தாள். “அன்னிக்குக் காலைல உங்க வீட்டுக்காரர்கூட சண்டை போட்டீங்களா?” என்று கேட்டார். அதுவும் என் மேஜையில் பிறந்த கேள்விதான். எந்த வீட்டில் சண்டை இல்லை? ஆமாம் என்றாள். கோபத்தில் வண்டி ஓட்டினான், தப்பு அவன் மேல்தான் என்று வழக்கு முடிந்தது. அவளுக்குக் கம்பெனி ஒன்றும் தரவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று காலையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் புருஷன் உயிரோடு திரும்பியிருப்பான் என்கிற ஒன்றைத் தலையில் ஏற்றி அனுப்பினார் பாருங்கள், அதை அவள் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பாள்?

இனி என் மகளைப் பற்றி எழுத வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. அந்த மேஜையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதித்தான் வளர்ந்தாள். நான் கொலைகாரனின் அம்மாவாக அழுதால், வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு மறுபடியும் வாய்ப்பாடு. அவளிடம் ஒரு குணம் உண்டு. கண்ணாடி டம்ளரை உடைத்தது யார் என்று கேட்டால், உடைத்ததை ஒத்துக்கொண்டு, போன வாரம் சர்க்கரை டப்பாவில் கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். “இவ சாட்சிக்கு லாயக்கே இல்ல. கேக்காததையும் கொட்டுவா” என்று அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அவளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. ஐந்து வருடத்தில் இரண்டு தடவை சுவரில் இடித்துக்கொண்டேன் என்றாள். மூன்றாவது தடவை மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்ட கையோடும் நாலு வயதுப் பெண் குழந்தையோடும் வந்து நின்றாள். அப்போது சுவர் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை நாலாம் நாளே ஆள் கூட்டி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

“எனக்கு வீடு வேண்டாம், நகை வேண்டாம்ப்பா. அந்த ஆளுக்குத் தண்டனைகூட வேண்டாம். என் குழந்தை மட்டும் எங்கிட்ட வந்தா போதும்” என்றாள்.

“வரும். பெத்த பொண்ணுக்கு நானே நிக்கிறேன். எவன் எதிர்ல வர்றான்னு பாக்கறேன்” என்று தொடையைத் தட்டினார்.

எதிரில் வந்தவர் அவரிடமே ஆறு வருடம் ஜூனியராக இருந்தவர். கோபமே வராத மனிதர். சாட்சிகளிடம்கூட ‘மன்னிக்கணும்மா’ என்று ஆரம்பித்துத்தான் கேள்வி கேட்பார். அதனால் இவர் அவருக்கு ‘வெண்ணெய்’ என்று பெயர் வைத்திருந்தார். “வெண்ணெயா வரான்! அப்ப முடிஞ்சுது கதை” என்று அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத் தலைவர் இந்த வெண்ணெய்தான்.

வெண்ணெய்தான் எதிரி என்றால் பேசாமல் இருந்திருக்கலாம். பெண் கூண்டில் ஏறுவாள், நாலு கேள்விக்கு நாலு பதில் சொல்லுவாள், இறங்குவாள். ஆனால் பழக்கம் விடுமா? “அவளை ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்தக் குட்டைக்கால் நாற்காலியில் முதன்முறையாக நான் இல்லாமல் என் மகள் உட்கார்ந்தாள். கை எட்டாத தூரத்தில் டம்ளரை வைத்தவள் நான்.

அவர் எதிர்த்தரப்பு வக்கீலானார். முதல் நாலு ஞாயிறு பெண் நன்றாகவே நின்றாள். வேலைக்குப் போகிற நேரம், பள்ளிக்கூடம், மணிக்கட்டு, எதைக் கேட்டாலும் தெளிவாகச் சொன்னாள். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இடறாத சாட்சியை அவர் பார்த்ததே இல்லை. நாலாவது ஞாயிறு முடிந்ததும், அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“எங்க இடறுறா? உனக்குத் தெரிஞ்சிருக்கும், சொல்லு.”

முப்பத்திரண்டு வருடப் பழக்கம் எனக்கும்தானே. கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. “குழந்தையோட முதல் வருஷத்தைப் பத்திப் பேசினா மட்டும் மூச்சு மாறுது” என்று சொன்னேன். என் நாக்கு அழுக. கை வேறு கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொல்லிற்று.

அடுத்த ஞாயிறு அதை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். தோலை உரிப்பது என்பார்களே, அதை என் மகளுக்கு அவளைப் பெற்றவரே செய்ததைப் பார்த்தேன்.

“குழந்தையைத் தனியா விட்டுட்டுப் போனதுண்டா?”

“இல்ல.”

“நல்லா யோசி. ஒரு நாள்கூட?”

நாற்காலி குட்டைக்கால் பக்கம் லொடக்கென்று சாய்ந்தது.

“ஆமாவா, இல்லையா?”

“ஆமா.”

“எத்தனை மாசக் குழந்தை?”

“எட்டு மாசம்.”

“எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம் இருக்கும்.”

“கதவைப் பூட்டினியா?”

“வெளில தாழ்ப்பாள் போட்டேன்.”

“குழந்தை அழுதுதா?”

“அழுதா. படி எறங்கற வரைக்கும் கேட்டுச்சு. அப்பா, ஏன்னா நான்...”

“கேட்டதுக்கு மட்டும் பதில்! அழற குழந்தையை உள்ள வெச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போறவ நல்ல அம்மாவா? ஆமாவா, இல்லையா?”

அவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இல்ல” என்றாள்.

அவர் பென்சிலை எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. தன் மகள் என்பது, குழந்தை யாரிடம் போக வேண்டும் என்பது, எல்லாம் ஒரு நிமிஷம் அவருக்கு மறந்தே போயிற்று. ஜெயித்துவிட்டார், அவ்வளவுதான். கோடு போட்டு முடித்த பிறகுதான் நினைவு வந்து, “பயப்படாதே. இது உன் புருஷனுக்கே தெரியாது, வெண்ணெய்க்கு எப்படித் தெரியும்? ஒருவேளை கேட்டா இல்லைன்னு சொல்லிட்டு எறங்கிடு” என்று அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவள் அடுப்படிக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டே, அப்பா வெட்டிய வாக்கியத்தை என்னிடம் முடித்தாள்.

“மூணு நாளா தூங்கலம்மா. அவர் வெளியூர் போயிருந்தாரு. அவ நிறுத்தாம அழுதா. என் கை நடுங்குச்சு. தூக்கிப் போட்டு உலுக்கிடுவேனோன்னு பயந்துட்டேன். அந்த நேரத்துல நான் கதவுக்கு வெளில இருந்தாதான் அவளுக்குப் பத்திரம்னு தோணுச்சு. தெருமுனை வரைக்கும் போய் நின்னேன். கை நடுக்கம் நின்னதும் ஓடி வந்துட்டேன்.”

இதை அப்படியே கோர்ட்டில் சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் இதயமுள்ள எந்த நீதிபதிக்கும் இது புரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதை விடு. அதை யாரு கேக்கப்போறாங்க?” என்று துண்டை எடுத்து நீட்டினேன்.

விசாரணை நாள் வந்தது. குடும்ப நீதிமன்றம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மின்விசிறி போடுகிற சத்தத்தில் நீதிபதி எல்லாரையும் கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னார். மகளின் மணிக்கட்டு, வேலை, பள்ளிக்கூடம், எங்கள் வீட்டில் குழந்தைக்கு இருக்கிற வசதி, எல்லாம் நன்றாகவே போயிற்று. வெண்ணெய் எழுந்தார்.

“மன்னிக்கணும்மா. நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தார். ஐந்து ஞாயிறு எட்டாத தண்ணீர். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். குடித்து நிமிர்ந்தபோது அவள் தோள் இரண்டும் தளர்ந்திருந்தன. நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

வெண்ணெய் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். ஒன்றிலும் கடுமை இல்லை. ஃபைலை மூடிக்கொண்டே, உட்காரப் போகிற மனிதர், கடமைக்கு ஒன்று கேட்டார்.

“குழந்தையை எப்பவாவது தனியா விட்டுட்டுப் போயிருக்கீங்களாம்மா?”

இந்த மாதிரி வழக்கில் எல்லா வக்கீலும் கேட்கிற கேள்விதான். எல்லாத் தாயும் இல்லை என்பாள். அந்த மேஜையில் எத்தனையோ தாய்களாக உட்கார்ந்து நானே இல்லை என்றிருக்கிறேன்.

“ஆமா” என்றாள் என் மகள்.

வெண்ணெயே திடுக்கிட்டுப் போனார். ஃபைலை மறுபடி திறக்கவும் இல்லை, அடுத்த கேள்வி கேட்கவும் இல்லை. அவர் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

“எட்டு மாசக் குழந்தை. நாப்பது நிமிஷம் இருக்கும். வெளில தாழ்ப்பாள் போட்டேன். அழுதா. படி எறங்கற வரைக்கும் கேட்டுச்சு.”

மேஜையில் அவர் கேட்ட வரிசை. ஒன்று பிசகவில்லை. என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, “கேட்டதுக்கு மட்டும் பதில்!” என்று தன் சாட்சியைப் பார்த்தே கத்தினார்.

“உக்காருங்க வக்கீல். அவங்க பேசட்டும்” என்றார் நீதிபதி. இத்தனை வருடத்தில் இவர் முன்னால் ஒரு சாட்சிக்கு முழுசாகப் பேச இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். என் மகளைப் பார்த்து, “இன்னும் ஏதாவது சொல்லணுமா? சொல்லுங்க” என்று காத்திருந்தார்.

சொல்லடி, சொல்லிடுடி, கை நடுங்கினதைச் சொல்லு, தெருமுனையைச் சொல்லு என்று நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து மனதுக்குள் கதறினேன். அந்த வாக்கியம் அவளிடம் இல்லை. மேஜையிலேயே வெட்டுப்பட்டுப் போயிற்று. வெட்டியது போக மிச்சம் என்ன இருந்ததோ, அதைச் சொன்னாள்.

“நான் நல்ல அம்மா இல்ல.”

வெண்ணெய், “வேற கேள்வி இல்லை ஐயா” என்றார். அவளைப் பார்க்காமலே போய் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். அதனால் என்ன பிரயோஜனம்?

மணிக்கட்டு உடைந்தது கணவன் மனைவிக்கு இடையிலான தகராறு என்றும், தாழ்ப்பாள் போட்டது குழந்தைக்கு நேர்ந்த ஆபத்து என்றும் தீர்ப்பில் வந்தது. குழந்தை அப்பாவிடம். பெற்றவளுக்கு, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, கோர்ட் கட்டடத்திலேயே ஓர் அறையில், மேற்பார்வையோடு இரண்டு மணி நேரம். மேல்கோர்ட்டும் அதையே சரி என்றது. அவள் வாயாலேயே சொன்னதை யார் மாற்ற முடியும்?

தீர்ப்பு வந்த அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “இன்னும் ரெண்டு ஞாயிறு உக்கார வெச்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்.”

மகள் அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றுக்குப் போய்விட்டாள். அப்பாவோடு சண்டை போடவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மூச்சு மாறுவதை அப்பாவிடம் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. மலர் வந்தால் தெரியும்.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவளோடு நானும் போகிறேன். அந்த அறையில் ஒரு சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். கீழ்ச்சுவர் ஈரத்தில் உரிந்து அதற்குக் காலே இல்லை. சக்கரம் போன நாலு பொம்மைக் கார்கள். மூலையில் மேற்பார்வைக்கு ஓர் அம்மாள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். பேத்திக்கு இப்போது ஆறு வயது. முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்லுவாள். அவள் அம்மா அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் பதிமூன்று நாளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை பேத்தி ஓடி வரவில்லை. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, நான் குட்டிப் பாப்பாவா இருந்தப்ப, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டியா? அங்க இருக்கிற பாட்டி சொன்னாங்க. பேப்பர்ல எழுதியிருக்காம்.”

“ஆமா” என்றாள் என் மகள்.

குழந்தை காத்திருந்தது. ஆமாம் என்று சொன்னால் அடுத்து ஏதாவது சொல்லுவார்கள் என்று குழந்தைகளுக்குத் தெரியும். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்னா கண்ணு, உங்கம்மா அன்னிக்கு...”

“அம்மா!” என் மகள் என் கையைப் பிடித்தாள். குரலை உயர்த்தவில்லை. “அவ கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்.”

பேத்தி இறங்கினாள். தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலிக்குப் போய், அப்பா வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது. முழுக்கவும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் மகளும் எழுந்து போகவில்லை, கூப்பிடவில்லை. ஸ்வெட்டர் அம்மாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பாட்டு மேஜையில் விழா அழைப்பிதழுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அதே சிவப்புப் பென்சில்.

“குழந்தை என்ன சொன்னா?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். இந்த மனிதர் இன்றைக்காவது அழட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “ஆமான்னு மட்டும்தான் சொன்னாளா? மேல ஒண்ணுமே சொல்லலையா?”

“இல்ல.”

அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

“இப்பதான் கத்துக்கிட்டா” என்றார். சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துக்கொண்டார்.

வெண்ணெய் வருகிற வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கொடுத்த தாளெல்லாம் தீர்ந்துபோய், கடைசிப் பக்கத்தை அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதியிருக்கிறேன். இதைத்தான் கொடுக்கப்போகிறேன்.